புதுச்சேரியில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

கேள்வி இது: புதுச்சேரியில் மக்கள் ஓட்டுப் போட்டுச் சட்டப்பேரவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலமைச்சர் இருக்கிறார், அமைச்சர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கோப்புகள் ஏன் துணைநிலை ஆளுநர் மாளிகையில் போய் நிற்கின்றன? இது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஏற்பாடா, டெல்லி செய்த ஏற்பாடா?

டெல்லி செய்த ஏற்பாடுதான். 1963இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒன்றியப் பிரதேசங்களின் அரசாங்கச் சட்டம் என்ற ஒரே சட்டத்தில் புதுச்சேரியின் சட்டப்பேரவையும் அமைச்சரவையும் பிறந்தன. மாநிலங்களின் சட்டமன்றங்களை அரசமைப்பே உருவாக்கியது. புதுச்சேரியினுடையதை நாடாளுமன்றம் உருவாக்கியது. ஆளுநர் நல்லவரா கெட்டவரா, முதல்வர் துணிந்தவரா அடங்கிப்போகிறவரா என்று பேசுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஆனால் அந்தச் சட்டம் வெறும் தரையில் எழுதப்பட்டதல்ல. அதற்கு முன்னால் எண்பது ஆண்டுக்கு மேலான தேர்தல் வரலாறு இந்த மண்ணில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் 1963இல் கிடைத்தது எவ்வளவு, கிடைக்காமல் போனது எவ்வளவு என்பது விளங்கும்.

வணிகக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1673-74இல் பிஜப்பூர் சுல்தானின் அதிகாரியான ஷேர்கான் லோடியிடம் அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் கால் வைத்தது. பிரான்சுவா மர்த்தேன் ஊரைக் கட்டினார். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1699இல் திரும்பக் கிடைத்தது. 1761இல் ஆங்கிலேயர்கள் பிடித்து ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அதன்பின் கைமாறிக் கைமாறி, 1814இன் பாரிஸ் உடன்படிக்கைப்படி 1816இல் பிரான்சுக்கு நிலையாகத் திரும்பியது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து இடங்கள்தான் மிஞ்சின. புதுச்சேரிப் பகுதியின் நிலமே துண்டு துண்டாக, நடுநடுவே தமிழ்நாட்டு ஊர்கள் நுழைந்து கிடப்பதற்கும் காரணம் இதுதான். ஊர் ஊராகப் பெற்ற நிலம், போர்களில் இழந்ததும் மீண்டதுமாக இருந்து, அப்படியே எல்லையாக உறைந்துவிட்டது.

அரசியல் வரலாறு பிரான்சில் மூன்றாம் குடியரசு பிறந்த பிறகு, 1870களில் தொடங்குகிறது. பிரெஞ்சிந்தியாவுக்குப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஒரு பிரதிநிதியும் ஒரு செனட்டரும் கிடைத்தார்கள். 1879இல் பொது மன்றம் அமைந்தது. 1880 மார்ச் 12 ஆணைப்படி நகராட்சிகள் வந்தன. பிரெஞ்சில் இவற்றுக்குக் கொம்யூன் என்று பெயர். தலைவர் மேர், அலுவலகம் மேரி. முதலில் 10 கொம்யூன்கள் இருந்தன, 1907இல் 17 ஆயின. புதுச்சேரிக்கு 8, காரைக்காலுக்கு 6, மற்ற மூன்று இடங்களுக்கும் ஒவ்வொன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் சொத்தும் வரியும் பார்த்து மிகச் சிலருக்கே ஓட்டு இருந்த காலம் அது. வில்லியனூரிலும் பாகூரிலும் சாதாரண ஆண் குடிமகன் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இது சிறிய விஷயமல்ல.

ஆனால் அந்த ஓட்டுக்கு இருந்த எடை வேறு கதை. 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. சில நூறு பேர் மட்டுமே கொண்ட ஐரோப்பியர் பட்டியலுக்கு அதன் அளவுக்குப் பொருந்தாத இடங்கள் போயின. ரெனோன்சான்கள் என்றால் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படித் தங்கள் சாதி, மத வழிப்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள். அப்படித் துறக்கும்போது குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக அவருக்குத் தண்டம் விதித்தார்கள். அவர் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். இந்தப் பிரிவினருக்கு இன்றும் சட்டத்தில் தனி இடம் உண்டு. இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தாது என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். ஆகவே புதுச்சேரியில் சொத்து வாங்கும்போது விற்பவர் குடும்பம் ரெனோன்சான் வழியா என்று கேட்காமல் வாரிசுகளைக் கணக்கிட்டால் தவறு நேரும். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. துறப்பு ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பொது மன்றத்தின் அதிகாரமும் முழுமையானதல்ல. வரவுசெலவுத் திட்டத்தை மன்றம் விவாதித்து ஓட்டெடுக்கும். ஆனால் அதில் கட்டாயச் செலவுகள் என்று ஒரு பகுதி உண்டு. மன்றம் மறுத்தாலும் ஆளுநர் அதை எழுதிச் சேர்க்கலாம். ஆளுநரை அனுப்புவது பாரிஸ். தேர்தலோ கலவரத்துக்கும் கள்ள ஓட்டுக்கும் பேர்போனது. வாக்குச்சாவடியை யார் கைப்பற்றுகிறார்களோ அவர்களே வென்றவர்கள் என்ற நிலை பல தேர்தல்களில் இருந்தது. மக்கள் உண்மையாகப் பெற்ற உரிமைகள் ஓட்டுப் பெட்டிக்கு வெளியே பெற்றவைதாம். 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்தியவர் வ. சுப்பையா. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் சட்டமாயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தனித்தனிப் பட்டியல்கள் ஒழிந்தன. 1946இல் பொது மன்றம் 44 இடங்கள் கொண்ட பிரதிநிதித்துவ சபையாக மாறியது: புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாகேக்கு 3, ஏனாமுக்கு 2. 1947இல் அதற்குப் பொறுப்பான ஓர் ஆட்சிக் குழுவும் அமைந்தது. அதாவது இந்தியா விடுதலை அடைந்தபோது இங்கே தேர்ந்தெடுத்த சபையும் அமைச்சரவை போன்ற ஒன்றும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

இணைப்பு எப்படி நடந்தது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. 1948இல் இந்தியாவும் பிரான்சும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் அது 1949 ஜூன் 19 அன்று நடந்தது. இந்தியாவுக்கு 7,473 ஓட்டு, எதிராக 114. அந்த ஊர் 1950 மே 2இல் நடைமுறையிலும் 1952இல் சட்டப்படியும் கைமாறி, 1954இல் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. மற்ற நான்கு இடங்களிலும் மக்கள் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1949இல் இந்தியாவோடு இருந்த சுங்க ஒன்றியம் முறிந்து எல்லைகளில் கெடுபிடி கூடியது. வாக்கெடுப்பை யார் நடத்துவது, எந்த நிலையில் நடத்துவது என்று இழுபறி நீண்டது. 1954 மார்ச்சில், அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற உள்ளூர் அரசியல் தலைவர் எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் திரும்பினார். மேர்கள் கூடி, வாக்கெடுப்பே வேண்டாம், இணைப்பே போதும் என்று தீர்மானித்தார்கள். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. ஜூன் 13இல் ஏனாமும் ஜூலை 16இல் மாகேயும் பிரெஞ்சுக் கையிலிருந்து போயின.

கடைசியில், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டும் ஓட்டளித்தார்கள். சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இதைத்தான் விடுதலை நாள் என்கிறோம். ஆகஸ்ட் 16 கொண்டாடுவது வேறொன்று. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 ஜூலையில்தான் ஏற்றது. ஏற்பு ஆவணங்கள் 1962 ஆகஸ்ட் 16 அன்று கைமாறின. நடுவில் அல்ஜீரியப் போர். ஒரு குடியேற்றத்தை ஒப்படைத்தால் அடுத்ததற்கும் அது முன்மாதிரி ஆகிவிடும் என்ற தயக்கத்தில் பாரிஸ் கோப்பை நகர்த்தவில்லை. அல்ஜீரியா விடுதலை அடைந்த அதே ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வந்தது. அந்த எட்டு ஆண்டுகளாகப் புதுச்சேரி சட்டப்படி பிரெஞ்சு மண், நடைமுறையில் இந்திய நிர்வாகம். தலைமை ஆணையர் ஆண்டார். அந்தப் பதவியில் முதலாமவர் கேவல் சிங்.

இந்த உடன்படிக்கையில் இரண்டு பிரிவுகளை நினைவில் வைக்க வேண்டும். பிரிவு 2: 1954 நவம்பர் 1க்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை இந்தப் பகுதிகளுக்குத் தொடரும், அதில் அரசமைப்பு மாற்றம் எதுவும் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும். பிரிவு 28: தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழி. 1965இன் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ் ஆட்சிமொழி ஆனது. மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தரப்பட்டது. குடியுரிமைக்கும் ஒரு விதி வைத்தார்கள்: அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்காவிட்டால் இந்தியர் ஆவார்கள். கேட்டவர்கள் சிறு தொகையினரே. அவர்களின் வழிவந்தவர்களும் சொல்தாக்கள் எனப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர் குடும்பங்களும் இன்றும் புதுச்சேரியில் இருந்தே பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள்.

இனி 1963க்கு வருவோம். அரசமைப்பின் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பிரதேசமாக்கி, 239அ என்ற பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவு சட்டமன்றத்தை உருவாக்கவில்லை. நாடாளுமன்றம் விரும்பினால் சட்டம் இயற்றி உருவாக்கலாம் என்றது. 1963இன் சட்டம் அப்படி வந்தது. ஜூலை 1 அன்று பழைய பிரதிநிதித்துவ சபை சட்டப்பேரவை ஆனது. குபேர் முதல் முதலமைச்சர்.

டெல்லியோடு ஒப்பிட்டால் வினோதம் புரியும். டெல்லிக்கு அரசமைப்பிலேயே 239அஅ என்ற பிரிவு இருக்கிறது, ஆனால் காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் அதன் பேரவைக்கு இல்லை. புதுச்சேரிப் பேரவை இந்த மூன்று உட்பட மாநிலப் பட்டியல் முழுவதிலும் பொதுப் பட்டியலிலும் சட்டம் இயற்றலாம் (1963 சட்டத்தின் பிரிவு 18). பரப்பு பெரியது, அடித்தளம் மெலிது. ஏனென்றால் பிரிவு 21இன்படி, மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலேயே நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தாலொழிய, மோதும் அளவுக்குப் புதுச்சேரிச் சட்டம் செல்லாது. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு இந்த நிலை இல்லை.

நிர்வாகத்தில் மையமான பிரிவு 44. அமைச்சரவை துணைநிலை ஆளுநருக்கு உதவியும் ஆலோசனையும் தரும். கருத்து வேறுபட்டால் அவர் குடியரசுத் தலைவருக்கு, அதாவது நடைமுறையில் உள்துறை அமைச்சகத்துக்கு, அனுப்புவார். அங்கிருந்து வரும் முடிவே முடிவு. காத்திருக்க முடியாத அவசரம் என்று அவர் கருதினால் இடைக்காலத்தில் தாமே ஆணையிடலாம். பிரிவு 50 இன்னும் நேரடியானது: துணைநிலை ஆளுநரும் அமைச்சரவையும் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டில் இருப்பார்கள், அவர் தரும் கட்டளைக்கு இணங்குவார்கள். மாநில அமைச்சரவை எதற்கும் இப்படி ஒரு பிரிவு கிடையாது.

ஒரு கோப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். துறையில் குறிப்பு எழுதுகிறார்கள், துறைச் செயலர் கையெழுத்திடுகிறார், செலவு இருந்தால் நிதித்துறை பார்க்கிறது, அமைச்சர், முதல்வர் அல்லது அமைச்சரவை, பிறகு துணைநிலை ஆளுநர். செயலர் ஒன்றியப் பிரதேசங்களுக்கான இந்திய ஆட்சிப்பணித் தொகுதியைச் சேர்ந்தவர். அவரைப் பணியமர்த்துவதும் மாற்றுவதும் உள்துறை அமைச்சகம். துணைநிலை ஆளுநர் மாறுபட்டால் 1963இன் அலுவல் விதிகள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன: முதலில் அமைச்சரோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும், தீராவிட்டால் அமைச்சரவைக்கு அனுப்ப வேண்டும், அப்போதும் தீராவிட்டால்தான் டெல்லி. சிக்கல் பெரும்பாலும் இந்த நடுப்படிகளில் பிறக்கிறது. பேச்சு நடக்காமல் விளக்கம் கேட்டுக் கேட்டுக் கோப்பு திரும்பினால், அது 'மறுப்பு' என்று எங்கும் பதிவாகாது. பதிவாகாததை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் முடியாது.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத கண்ணி உண்டு. பொதுப் பிரிவுகள் சட்டத்தில் 'மாநில அரசு' என்ற சொல்லுக்கு, ஒன்றியப் பிரதேசத்தைப் பொறுத்தவரை, ஒன்றிய அரசு என்று பொருள். நாடாளுமன்றச் சட்டம் ஒன்று 'மாநில அரசு விதிகள் இயற்றலாம்' என்று சொன்னால், புதுச்சேரியில் அந்த அதிகாரம் தானாக முதல்வரின் அமைச்சரவைக்கு வருவதில்லை. அதிகாரம் தனியாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். புதுச்சேரி அரசாணைகள் பலவற்றின் தலைப்பில் ஒப்படைப்பு அறிவிக்கையின் எண்ணும் நாளும் இருப்பது இதனால்தான்.

இது மக்களின் வாழ்வில் எப்படி விழுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். ஒன்று, இலவச அரிசி. அரிசியாகவே தர வேண்டும் என்றது நாராயணசாமி அமைச்சரவை. பணமாக வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றார் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. விவகாரம் டெல்லிக்குப் போனது. பணம் என்று முடிவு வந்தது. முதல்வர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில் மனு தள்ளுபடி ஆனது. இரண்டு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர் ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் 7.5 விழுக்காட்டுச் சட்டத்துக்கு 2020 அக்டோபரில் ஆளுநர் ஒப்புதல் வந்து அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு புதுச்சேரி அமைச்சரவை 10 விழுக்காடு என்று தீர்மானித்தது. டெல்லியின் இசைவோடு அது நடைமுறைக்கு வர 2023 ஆனது. இடையில் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் போன ஆண்டுகள் திரும்பி வராது. அதிகாரப் பகிர்வு என்பது வழக்கறிஞர்களின் விவாதம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 2018 ஜூலை 4 அன்று டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் மாறுபட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது சரியல்ல, அது விதிவிலக்காக இருக்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, புதுச்சேரியின் அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஆகவே 2019 தீர்ப்பை மட்டும் எடுத்துக்காட்டி எழுதுகிறவர்கள் பாதிக் கதையைச் சொல்கிறார்கள்.

அடுத்தது நியமன உறுப்பினர்கள். பேரவையில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். இப்போதைய பங்கீட்டில் புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாகே 1, ஏனாம் 1. இவர்களோடு அரசுப் பணியில் இல்லாத 3 பேர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம் (பிரிவு 3). உள்ளூர் அரசின் பரிந்துரையைக் கேட்பதே வழக்கம் என்று புதுச்சேரித் தரப்பு வாதிட்டது. 2017இல் கேட்காமலே மூவர் நியமிக்கப்பட்டார்கள். 2018 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. நிதிநிலை அறிக்கையிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர்களுக்கு ஓட்டு உண்டு என்றது. முப்பது பேர் அவையில் மூன்று ஓட்டு என்றால் என்ன என்பது 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. பதவி விலகல்களாலும் தகுதிநீக்கத்தாலும் 7 இடங்கள் காலி. ஆளுங்கூட்டணியில் பேரவைத் தலைவரோடு 12 பேர். எதிரணியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 11 பேர். நியமன மூவரும் சேர்ந்து 14 ஆனார்கள். நாராயணசாமி அரசு போனது. பிப்ரவரி 25 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதுவும் மாநிலங்களுக்கான 356ஆவது பிரிவின்படி அல்ல, இதே 1963 சட்டத்தின் பிரிவு 51இன்படி. 1968, 1974, 1978, 1983, 1991 என்று இதற்கு முன்னும் அந்த ஆட்சி வந்திருக்கிறது. 1974 மார்ச்சில் அமைந்த எஸ். ராமசாமி அமைச்சரவை மூன்று வாரம்தான் நின்றது. இத்தனை சிறிய அவையில் இரண்டு பேர் கட்சி மாறினால் ஆட்சி மாறும் என்பதால், நியமன ஓட்டைத் தனியாகப் பார்க்காமல் இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

நியமன உறுப்பினர்களால் முடியாததும் உண்டு. மாநிலங்களவைக்குப் புதுச்சேரியின் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டு. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அப்படித்தான். அந்த உரிமையே 1992இன் 70ஆவது திருத்தத்தில்தான் புதுச்சேரிப் பேரவைக்கு வந்தது.

பணத்துக்கு வருவோம். கடைசிக் கையெழுத்தின் வலிமை முழுதாகத் தெரிவது இங்கேதான். பிரிவு 27இன்படி ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். அதாவது துறைகளின் மதிப்பீடு, நிதித்துறை, அமைச்சரவை, துணைநிலை ஆளுநர், பிறகு உள்துறை, நிதி அமைச்சகங்கள், இசைவு, பின்னரே பேரவை. இந்த வரிசையில் எங்கே தாமதம் ஆனாலும் மார்ச் 31 கடந்துவிடும். அதனால்தான் மார்ச்சில் சில மாதங்களுக்கான இடைக்காலச் செலவு அனுமதியும், ஜூலையிலோ ஆகஸ்டிலோ முழு அறிக்கையும் என்பது பல ஆண்டுகள் பழக்கமாயிற்று. 2023 மார்ச்சில் முழு அறிக்கை வந்ததே செய்தி ஆனது. இடைக்கால அனுமதிக் காலத்தில் புதிய திட்டம் எதையும் தொடங்க முடியாது. ஒப்பந்தப்புள்ளி மழைக்காலத்துக்குத் தள்ளிப்போகும். வேலை தொடங்கும்போது நிதியாண்டு முடியும் தறுவாயில் இருக்கும். 2020 ஜூலை 20 அன்று இந்த இழுபறி உச்சம் தொட்டது. கோப்பு தம்மிடம் முறையாக வரவில்லை என்று துணைநிலை ஆளுநர் உரையாற்ற வரவில்லை. உரை இல்லாமலேயே முதல்வர் அறிக்கையை வாசித்தார்.

பற்றாக்குறையை முன்பு ஒன்றிய அரசின் கணக்கோடு சேர்த்தே சமாளித்தார்கள். 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கு தொடங்கியது. அதிலிருந்து மாநிலங்களைப் போலச் சந்தையில் கடன் வாங்கி வட்டி கட்ட வேண்டும். ஆனால் நிதி ஆணையம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரிப் பங்கு புதுச்சேரிக்குக் கிடையாது. ஆணையத்தின் வரம்பில் ஒன்றியப் பிரதேசம் வருவதில்லை. சரக்கு, சேவை வரியில் மட்டும் சட்டப்பேரவை உள்ள பிரதேசம் மாநிலமாகக் கருதப்படுகிறது; அந்த வரியை முடிவு செய்யும் மன்றத்தில் புதுச்சேரிக்கும் இருக்கை உண்டு. கடனுக்கும் இந்த வரிக்கும் மாநிலம், வரிப் பங்குக்கு மட்டும் ஒன்றியப் பிரதேசம் என்ற இந்த நிலைக்கு நியாயம் சொல்வது கடினம். புதுச்சேரியின் உண்மையான குறை இதுதான். கோப்புச் சண்டைகள் இதை மறைத்துவிடுகின்றன.

மாநிலத் தகுதி கேட்டுப் பேரவை பலமுறை தீர்மானம் இயற்றியிருக்கிறது. அது சட்டப்படி முடியாத காரியம் அல்ல. அரசமைப்பின் 3ஆவது, 4ஆவது பிரிவுகளின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் இயற்றும் சட்டம் போதும். 1963இன் சட்டம் எழுதப்பட்டபோது அதன்கீழ் இருந்தவை இமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா-தாமன்-தியூ, புதுச்சேரி. இமாச்சலம் 1971இல் மாநிலமானது. மணிப்பூரும் திரிபுராவும் 1972இல். பின்னால் இதே சட்டத்தின்கீழ் வந்த மிசோரமும் அருணாசலமும் 1987 பிப்ரவரியில், கோவா அதே ஆண்டு மே 30இல். ஐரோப்பியரிடமிருந்து வந்த நிலம், சிறிய பரப்பு, தனி உரிமையியல் சட்ட மரபு என்று எல்லாவற்றிலும் புதுச்சேரியோடு ஒப்பிடக்கூடியது கோவா. அதற்கு முடிந்தது.

எதிர்வாதம் இரண்டு. நான்கு பகுதிகளும் சிதறிக் கிடக்கின்றன: காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில், மாகே கேரளக் கரையில், ஏனாம் காக்கிநாடாவுக்கு அருகில். 2011 கணக்கில் மொத்த மக்கள் 12,47,953. அதில் புதுச்சேரிப் பகுதி மட்டும் 9,50,289, மாகே 41,816. மாநிலமானால் அந்தந்தப் பகுதியை அருகிலுள்ள மாநிலத்தோடு சேர்த்துவிடலாமே என்ற பேச்சு எழும் என்பது ஓர் அச்சம். 1979 தொடக்கத்தில் தமிழ்நாட்டோடு இணைப்பு என்ற பேச்சு வந்தபோது புதுச்சேரியே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூடு வரை போனது. மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்றம் என்ற உடன்படிக்கைப் பிரிவு 2ஐ அன்று பலரும் கையில் எடுத்தார்கள். மற்றது, ஒன்றிய உதவித் தொகை குறையும் என்ற அச்சம். மாநிலமானால் வரிப் பங்கு வரும், இப்போதைய மானியம் மாறும். எது பெரிது என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் உணர்ச்சியாக இந்தக் கோரிக்கையை வைத்தால் டெல்லியில் எடுபடாது.

கடைசியாக ஒன்று. கேள்வியில் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. பிரெஞ்சுக் காலத்தில் மக்களுக்கு மிக அருகில் இருந்த அதிகாரம் மேரி. 1973இல் நகராட்சிகள் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டமும் வந்து, 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. 17 கொம்யூன்களின் வழியில் வந்ததே இன்றைய 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும். சொல் இருக்கிறது, அதன் உயிர் இல்லை. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றது. தெருவிளக்கும் வடிகாலும் குப்பையும் ஆணையர்கள் கையில் இருக்கின்றன. வார்டு உறுப்பினர் இல்லாததால் சட்டமன்ற உறுப்பினரே வார்டு வேலையைப் பார்க்கிறார். உள்ளாட்சி நிதிக்கான ஒன்றிய மானியங்கள் பலவும் தேர்ந்தெடுத்த அமைப்பு இருப்பதை நிபந்தனையாக வைப்பவை. அவையும் கைவிட்டுப் போகின்றன. இந்தத் தேர்தலைத் தள்ளிப்போட்டதில் டெல்லிக்கு இருந்த பங்கைவிட, புதுச்சேரியில் மாறி மாறி ஆண்ட கட்சிகளுக்கு இருந்த பங்கே பெரிது. மேலிருந்து அதிகாரம் கேட்கும் எந்த அரசிடமும் வில்லியனூர்க்காரர் முதலில் கேட்க வேண்டியது, 1880இல் தம் கொள்ளுத் தாத்தாவுக்குக் கிடைத்த நகராட்சி ஓட்டு தமக்கு எப்போது திரும்பி வரும் என்பதைத்தான்.